கேபிலரியின் உட்சுவருக்குப் பூச்சு போடுவது எப்படி

முடியளவு மெல்லிய சிலிக்காக் குழாயில், அதாவது கேபிலரியில், பஃபரை நிரப்பி வோல்டேஜ் கொடுத்து மூலக்கூறுகளைப் பிரிப்பதுதான் கேபிலரி எலெக்ட்ரோபோரசிஸ். பிரிந்தவை டிடெக்டரைக் கடக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு பீக்காகத் தெரியும். பூச்சில்லாத சிலிக்கா கேபிலரியில் பிஹெச் 7 பாஸ்பேட் பஃபரை நிரப்பி லைசோசைம் என்ற புரோட்டீனை ஓட்டிப் பாருங்கள். பீக் வராது. வந்தாலும் குட்டையாக, நீண்ட வாலோடு வரும். அடுத்த இன்ஜெக்‌ஷனில் இடம் மாறி நிற்கும். சாம்பிளில் குறையில்லை. லைசோசைமின் ஐசோஎலெக்ட்ரிக் புள்ளி (நிகரச் சுமை பூஜ்யமாகும் பிஹெச்) 11-ஐ ஒட்டி இருப்பதால் பிஹெச் 7-இல் அதற்குப் பாசிட்டிவ் சுமை. சுவரில் இருக்கும் சிலனால்களுக்கு (சிலிக்கானோடு இணைந்த OH தொகுதிகள்) நெகட்டிவ் சுமை. இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

எலெக்ட்ரோஆஸ்மோட்டிக் ஓட்டம், லேப் பேச்சில் ஈஓஎஃப், அதற்கும் அதே சிலனால்தான் காரணம். சுவரின் நெகட்டிவ் சுமையை ஈடுகட்ட, அதை ஒட்டிய மெல்லிய நீரடுக்கில் பாசிட்டிவ் அயனிகள் வந்து சேர்கின்றன. வோல்டேஜ் கொடுத்ததும் அவை கேத்தோடு (நெகட்டிவ் முனை) பக்கம் நகர, குழாயிலுள்ள திரவம் மொத்தமும் கூடவே இழுபடுகிறது. 10 மில்லிமோலார் அளவில் சாதாரண உப்பு இருக்கும் கரைசலில் அந்த அடுக்கின் தடிமன் சுமார் 3 நானோமீட்டர்; 100 மில்லிமோலாரில் 1 நானோமீட்டர். ஆக, 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குழாயில் எல்லாம் அந்த ஓரத்து ஓரிரு நானோமீட்டரில்தான் முடிவாகிறது. அந்த இடத்தைப் பாலிமரால் மூடுவதுதான் பூச்சு.

புரோட்டீன் பகுப்பாய்வு லேப்பில் வேலை பார்ப்பவள் என்பதால் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம்: “எந்தக் கோட்டிங் நல்லது, அக்கா?” நான் திருப்பிக் கேட்பது: “ஒட்டுவதுதான் பிரச்சினையா, ஓட்டம்தான் பிரச்சினையா?” இரண்டும் ஒரே சிலனாலில் தொடங்கினாலும் ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது. பாலிபிரீன் என்ற பாசிட்டிவ் பாலிமரைப் பூசினால் ஓட்டம் நிற்காது, திசை மாறும். ஆனால் லைசோசைம் போன்ற கார புரோட்டீன் ஒட்டாது, இரண்டுமே பாசிட்டிவ் என்பதால். சுமையில்லாத பாலிஅக்ரிலமைடு பூசினால் ஓட்டம் ஏறத்தாழ நின்றுவிடும். புரோட்டீன்களை அவற்றின் ஐசோஎலெக்ட்ரிக் புள்ளியில் நிறுத்திப் பிரிக்கும் ஐசோஎலெக்ட்ரிக் ஃபோகஸிங்குக்கு அதுதான் வேண்டும். ஆனால் பூச்சு திட்டுத்திட்டாக விழுந்திருந்தால், விட்டுப்போன இடத்திலெல்லாம் புரோட்டீன் போய் ஒட்டும்.

பூச்சே வேண்டாத இடமும் உண்டு. பிஹெச் 9-க்கு மேலான காரப் பஃபரில் ஹீமோகுளோபினைப் பிரிக்கும் மருத்துவமனை மெஷின்கள் பூச்சில்லாத சிலிக்காவில்தான் ஓடுகின்றன. அந்த பிஹெச்சில் புரோட்டீனும் நெகட்டிவ், சுவரும் நெகட்டிவ். வலுவான ஈஓஎஃப் எல்லாவற்றையும் டிடெக்டருக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். உங்கள் சாம்பிள் அந்த பிஹெச்சைத் தாங்குமென்றால் இந்தக் கட்டுரையை இதோடு மூடிவிடலாம்.

முதலில் பழைய எண்

பூசுவதற்கு முன்னால், பூச்சில்லாத அதே கேபிலரியின் ஈஓஎஃப்பை அளந்து எழுதி வையுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், பிறகு திண்டாடுபவர்களும் அவர்களேதான்.

மின்சுமை இல்லாத, யூவியில் தெரியும் பொருள் ஒன்று வேண்டும். நான் டிஎம்எஸ்ஓவை (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) 0.1 சதவீதத்தில், 214 நானோமீட்டரில் பார்க்கிறேன். அசிட்டோன், தயோயூரியா, மெசிட்டில் ஆக்சைடு எல்லாமும் வழக்கத்தில் உண்டு. கணக்கு எளிது: டிடெக்டர் வரையுள்ள நீளத்தை மொத்த நீளத்தால் பெருக்கி, வோல்டேஜ், நேரம் இரண்டாலும் வகுக்க வேண்டும். மொத்த நீளம் 60 செ.மீ., டிடெக்டர் வரை 50 செ.மீ., 25,000 வோல்ட், டிஎம்எஸ்ஓ 200 நொடியில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 3,000-ஐ 50 லட்சத்தால் வகுத்தால் 6 × 10⁻⁴ (சதுர செ.மீ. / வோல்ட் நொடி). காரப் பக்கம் நல்ல சிலிக்கா தரும் எண் இந்த அளவில்தான் இருக்கும். பிஹெச் 3-க்கு இறங்கினால் சிலனால்கள் புரோட்டானோடு இருப்பதால் எண் வெகுவாகக் குறையும்.

நடு பிஹெச்சில், 4-இலிருந்து 7 வரை, சிலிக்கா முன்பு இருந்த நிலையை எளிதில் மறப்பதில்லை. அமிலத்தில் கழுவிய குழாயும் காரத்தில் கழுவிய குழாயும் அதே பஃபரில் வேறு வேறு எண் காட்டும். 1990-லேயே லாம்பர்ட்டும் மிடில்டனும் இதை அளந்து எழுதிவிட்டார்கள். அதனால் ஒப்பிடும் அளவீடுகள் எல்லாவற்றுக்கும் முன் ஒரே கழுவல், ஒரே வரிசை.

வெட்டு, ஜன்னல், கழுவல்

வெட்டு நேராக இருக்க வேண்டும். செராமிக் பிளேடால் ஒரே கோடு, பிறகு மெல்ல இழுப்பு. வளைத்து உடைத்தால் முனை பல்லுப்பல்லாக நிற்கும். லென்ஸில் பாருங்கள். ஒளி புகும் டிடெக்டர் ஜன்னலுக்காகக் குழாயின் வெளியிலுள்ள பாலிஇமைடு உறையை எரிப்பது எப்போதும் பூச்சுக்கு முன்னால். பூசியபின் எரித்தால் ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் பூச்சும் சேர்ந்து கருகும். பீக் கெடுவது சரியாக நீங்கள் பார்க்கும் இடத்தில் நடக்கும்.

கழுவலைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் வெள்ளையடித்த சுவர் எத்தனை நாள் நிற்கும்? 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 30 நிமிடம், பிறகு நீர் 15 நிமிடம். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்குச் சின்னக் கணக்கு. 60 செ.மீ. நீளம், 50 மைக்ரோமீட்டர் உள்விட்டம் என்றால் குழாயின் மொத்தக் கொள்ளளவு 1.2 மைக்ரோலிட்டர். 1 பார் அழுத்தத்தில் நீர் நொடிக்கு ஏறத்தாழ 1.4 செ.மீ. நகரும், ஒருமுறை நிரம்பவே 40 நொடிக்கு மேல் ஆகும். “ஒரு நிமிஷம் ரின்ஸ் விட்டேன்” என்றால், ஒன்றரைத் தடவைகூட முழுசாக மாறவில்லை என்று பொருள். பத்து சதவீதப் பாலிமர் கரைசல் நீரைவிடப் பல மடங்கு கெட்டி, அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். யாரோ எழுதி வைத்த நிமிடக் கணக்கை வேறு நீளம், வேறு விட்டமுள்ள கேபிலரிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை கொள்ளளவு உள்ளே போனது என்று பாருங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு: மூன்று அடுக்கு

என் சிபாரிசு இதுதான். பாலிபிரீன், டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட், மறுபடி பாலிபிரீன். 1998-இல் கதாயாமா, இஷிஹாமா, அசகாவா மூவரும் வெளியிட்ட உத்தி. சுவர் நெகட்டிவ், அதன்மேல் பாசிட்டிவ் பாலிமர், அதன்மேல் நெகட்டிவ், மறுபடி பாசிட்டிவ். வேதிவினை ஏதும் கிடையாது, மின்சுமைகளின் ஈர்ப்பு மட்டும். ஆனால் ஒரு பாலிமர் சங்கிலியில் ஆயிரக்கணக்கில் பிடிகள் இருப்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் விடாது.

நான் வைத்திருக்கும் கரைசல்கள்: பாலிபிரீன் 10 சதவீதம், டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் 0.5 சதவீதம், இரண்டும் நீரில், 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்தது. பாலிபிரீன் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக எடைபோட்டால் தூள் கண் முன்னாலேயே பிசுபிசுக்கும். ஈரம் புகாத டெசிகேட்டரில் வையுங்கள், குளிரிலிருந்து எடுத்தால் அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள், வேண்டிய அளவுக்குக் கரைசலாக்கிவிடுங்கள்.

கார, நீர்க் கழுவல் முடிந்ததும் 350 மில்லிபாரில் பாலிபிரீன் 30 நிமிடம். நீர் 10 நிமிடம். டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் 30 நிமிடம். நீர் 10. மறுபடி பாலிபிரீன் 30. கடைசியில் நீர், பிறகு ஓட்டும் பஃபர். இடையிலுள்ள நீர்க் கழுவலைக் குறைக்கலாமா என்று யோசிக்காதீர்கள். பாசிட்டிவ் பாலிமரும் நெகட்டிவ் பாலிமரும் குழாயின் நடுவில் சந்தித்தால் அங்கேயே திரிந்து கட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஒரே ஊசிமுனை, ஒரே எலெக்ட்ரோடு இரண்டு குப்பியிலும் முங்கி எழுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். நடுவே ஒரு நீர்க் குப்பியில் முனையை முக்கி எடுக்கும் படியை மெத்தடில் சேர்த்துவிடுங்கள்.

இப்போது ஓட்டம் ஆனோடு (பாசிட்டிவ் முனை) பக்கம். ஆகவே மெஷினில் துருவத்தை மாற்றியாக வேண்டும்: சாம்பிள் முனையில் நெகட்டிவ், டிடெக்டர் முனையில் பாசிட்டிவ். இதில் பீக் வரும் வரிசை முதலில் குழப்பும். லைசோசைம் தன் சுமையால் பின்னோக்கிப் போகப் பார்க்கும், ஓட்டம் அதை முன்னோக்கி இழுத்து வரும். டிஎம்எஸ்ஓ முந்தி வரும், புரோட்டீன் பிந்தி வரும். எந்த புரோட்டீன் அதிக வேகமுள்ளதோ அது கடைசி.

இரண்டாவது அடுக்கோடு நிறுத்தினால் மேலே இருப்பது சல்ஃபேட். அது பிஹெச் 2-இலும் சுமையை விடாது. சிலனாலை நம்பியிருந்தபோது பிஹெச்சோடு ஏறி இறங்கிய ஓட்டம் இப்போது அமிலத்திலும் காரத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில், கேத்தோடு பக்கம் போகும். அமில பிஹெச்சில் வேகமான ஓட்டம் தேவைப்படும் சிறு மூலக்கூறு வேலைகளுக்கு இது அருமை. கார புரோட்டீனுக்கு இது எதிரி.

மூன்று அடுக்குப் பூச்சு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கழுவினாலும் தாங்கும். மேலடுக்கு தேய்ந்தாலும் பாலிபிரீனைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் சரியாகிவிடும். பஃபரில் எதையும் கலக்க வேண்டியதில்லை என்பதால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் ஒத்துவரும். இதைவிட்டு முதல் நாளே, சுவரோடு வினைபுரியும் சிலேன் பாட்டிலைக் கையிலெடுக்கும் ஆர்வம் எனக்குப் புரிவதில்லை.

ஓட்டத்தை நிறுத்த வேண்டுமென்றால்

அப்போது கோவேலன்ட் பூச்சு, அதாவது சுவரோடு வேதிப்பிணைப்பால் இணையும் பூச்சு. உப்சாலாவில் ஸ்டெல்லன் யெர்தேன் 1985-இல் எழுதிய முறைதான் இன்றும் அடிப்படை. முதலில் சிலேன்: காமா-மெத்அக்ரிலாக்சிபுரோப்பைல் டிரைமெத்தாக்சிசிலேன். 20 மில்லி நீரை அசிட்டிக் அமிலத்தால் பிஹெச் 3.5-க்குக் கொண்டுவந்து, அதில் 80 மைக்ரோலிட்டர் சிலேன். கேபிலரிக்குள் இழுத்து அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம், பிறகு நீர்க் கழுவல். இப்போது சுவரெங்கும் இரட்டைப் பிணைப்புகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்தது 3 அல்லது 4 சதவீத அக்ரிலமைடு, கிராஸ்லிங்கர் (சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பொருள்) கிடையாது. பாலிமராவதைத் தொடக்கிவிட மில்லிக்கு 1 மைக்ரோலிட்டர் டெமெட், 1 மில்லிகிராம் பொட்டாசியம் பெர்சல்ஃபேட். அரை மணியில் பாலிமராகிச் சுவரோடு பிணையும். ஒட்டாமல் நடுவில் இருப்பதை உறிஞ்சி எடுத்து நீர் விட்டுக் கழுவலாம். கிராஸ்லிங்கர் போட்டால் ஜெல்லாகி வெளியே வராது.

இதில் சொதப்புவது பெரும்பாலும் ஆக்சிஜன்தான். அக்ரிலமைடு கரைசலை வாக்குவமில் வைத்தோ, நைட்ரஜனோ ஹீலியமோ விட்டோ காற்று நீக்கிய பிறகுதான் டெமெட் சேர்க்க வேண்டும். மீதிக் கரைசலைச் சின்னக் குப்பியில் மூடி மேஜைமேல் வையுங்கள். அது கெட்டிப்படவில்லையென்றால் கேபிலரிக்குள்ளும் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். பாலிமராகாத அக்ரிலமைடு நரம்பு மண்டலத்துக்கு நஞ்சு; தூளை எடைபோடும்போது கையுறையும் ஃபியூம் ஹூடும் கட்டாயம்.

இந்தப் பூச்சுக்குக் காரம் ஆகாது. சிலேன் சுவரைப் பிடித்திருக்கும் சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் பிணைப்பைக் காரம் அறுக்கும்; அமைடும் நீராற்பகுப்படைந்து அக்ரிலிக் அமிலமாக மாற, அது நெகட்டிவ் சுமையோடு ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவரும். 1990-இல் காப், டோல்னிக், நோவாட்னி மூவரும் கிரின்யார்டு வினையால் நேரடி சிலிக்கான்–கார்பன் பிணைப்பை ஏற்படுத்தி இந்தக் குறையைக் குறைத்தார்கள். ஈரமில்லாமல் கேபிலரிக்குள் கிரின்யார்டு செய்யும் பொறுமை உங்களுக்கு இருந்தால் செய்து பாருங்கள், எனக்கு இல்லை.

நடுவழி ஒன்று, பாலிவினைல் ஆல்கஹால். முழுவதும் ஹைட்ரலைஸ் ஆன வகையை வெந்நீரில் கரைத்து, கேபிலரியை நிரப்பி, நைட்ரஜனால் வெளியே தள்ளி, நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்கும்போதே 140 டிகிரியில் சுட வேண்டும். சூட்டில் பாலிமர் படிகமாகி நீரில் கரையாத மென்படலமாக நிற்கும். சோம்பர்க் குழு 1994-இல் வெளியிட்ட முறை. வேலை சுளுவு, ஆனால் சூட்டடுப்புக்குள் ஜன்னலோடு சுருட்டி வைக்கும்போது கை பட்டாலே ஜன்னல் ஒடியும்.

பூசவே நேரமில்லை என்பவர்கள் பஃபரிலேயே பாலிமரைக் கலக்கிறார்கள். மோனோக்ளோனல் ஆன்டிபாடியின் சார்ஜ் வேரியன்ட்களை (சுமையில் வேறுபடும் வடிவங்கள்) பிரிக்கும் வேலையில் 400 மில்லிமோலார் எப்சிலான் அமினோகாப்ரோயிக் அமிலம், பிஹெச் 5.7, அதில் 2 மில்லிமோலார் டிரைஎத்திலீன்டெட்ரமின், 0.05 சதவீதம் ஹைட்ராக்சிபுரோப்பைல் மெத்தில்செல்லுலோஸ் என்ற கலவை பரவலாகப் புழங்குகிறது. அமீன் சிலனாலைப் போய்ப் பிடிக்கும், செல்லுலோஸ் சுவரோரத்தில் திரவத்தைக் கெட்டியாக்கும். யூவி டிடெக்டர் இருக்கும்வரை நல்ல தீர்வு. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு இந்த பாலிமர் போகக் கூடாது.

“ஓட்டமே இல்லை, அக்கா”

பூச்சு போட்ட பையன் ஒருவன் சந்தோஷமாக வந்து சொன்னான், “அரை மணி நேரம் ஓட்டினேன், டிஎம்எஸ்ஓ வரவே இல்லை, கோட்டிங் பக்கா.” கரன்ட் எவ்வளவு என்று கேட்டேன். பார்க்கவில்லை. பார்த்தால் பூஜ்யம். கேபிலரி அடைத்திருந்தது. பீக் வராததை ஓட்டமில்லாததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரியாகப் பூசிய குழாயில் மிஞ்சும் ஈஓஎஃப் 1 × 10⁻⁵ என்று வையுங்கள். பழைய முறையில் 25,000 வோல்ட்டில் டிஎம்எஸ்ஓ வந்து சேர 12,000 நொடி ஆகும், மூன்றே கால் மணிக்கு மேல். யாரும் காத்திருப்பதில்லை. 1996-இல் வில்லியம்ஸும் வீக்கும் இதற்கு அழகான வழி சொன்னார்கள்.

டிஎம்எஸ்ஓவை இன்ஜெக்ட் செய்து 50 மில்லிபாரில் ஒரு நிமிடம் தள்ளுங்கள். இரண்டாவது முறை இன்ஜெக்ட் செய்து அதே அழுத்தத்தில் அதே நேரம் தள்ளுங்கள். இப்போது குழாய்க்குள் இரண்டு பட்டைகள், நடுவே தெரிந்த இடைவெளி. 15,000 வோல்ட்டை 180 நொடி கொடுங்கள். இரண்டு பட்டையும் ஒன்றாக நகரும் அல்லது நகராது. வோல்டேஜை நிறுத்தி மூன்றாவது முறை இன்ஜெக்ட் செய்து, 50 மில்லிபாரிலேயே மூன்றையும் டிடெக்டர் வரை தள்ளுங்கள். மூன்று பீக் வரும். முதல் இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வோல்டேஜ் தொடவில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள இடைவெளியில்தான் ஈஓஎஃப் ஒளிந்திருக்கிறது. இரண்டு இடைவெளியும் சமமென்றால் ஓட்டம் இல்லை. இரண்டாவது பெரிதென்றால் டிடெக்டர் பக்கம் ஓட்டம்; சிறிதென்றால் எதிர்ப்பக்கம்.

எண் போட்டுப் பார்ப்போம். கடைசித் தள்ளலில் மூன்றாவது பீக் 700 நொடியில் 50 செ.மீ. கடந்தது, வேகம் நொடிக்கு 0.0714 செ.மீ. முதல் இடைவெளி 60 நொடி, இரண்டாவது 67. வித்தியாசம் 7 நொடி, அதாவது 0.5 செ.மீ. புலம் செ.மீ.க்கு 250 வோல்ட், 180 நொடி: 0.5-ஐ 45,000-ஆல் வகுத்தால் 1.1 × 10⁻⁵. தொடக்கத்தில் எழுதி வைத்த 6 × 10⁻⁴ எங்கே, இது எங்கே: ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. மூன்று மணி நேர வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது.

இந்த அளவுக்கு ஓட்டம் குறைந்தபின் புதிய தொல்லை ஒன்று தலைகாட்டும். இரு குப்பிகளிலும் பஃபர் மட்டம் 1 செ.மீ. வேறுபட்டால் அது ஏறத்தாழ 1 மில்லிபார் அழுத்தம். அதே 250 வோல்ட் புலத்தில் அது 6 × 10⁻⁶ அளவு ஈஓஎஃப்பாக வேடம் போடும். நீங்கள் அளக்க வந்ததில் பாதி! பூச்சில்லாத குழாயில் யாரும் கவலைப்படாத இந்த மட்டத்தை இங்கே பைப்பெட்டால் சமமாக ஊற்ற வேண்டும்.

ஈஓஎஃப் எண் நன்றாக இருந்தும் பீக் அகலமாக இருந்தால் பூச்சு சீராக இல்லை என்று சந்தேகப்படுங்கள். குழாயின் ஒரு பாதியில் ஓட்டம் இருக்கிறது, மறுபாதியில் இல்லை என்றால், திரவம் நடுவில் அறுந்துவிட முடியாதே. உள்ளேயே அழுத்தம் உருவாகி, தட்டையாகப் போக வேண்டிய ஓட்டம் வளைந்து போகும், பட்டை அகலும். சராசரி எண் இதைச் சொல்லாது. அதனால் லைசோசைம், சைட்டோகுரோம் சி, ரிபோநியூக்ளியேஸ் ஏ கலந்த சாம்பிளை ஒருமுறை ஓட்டாமல் எந்தக் கேபிலரியையும் நான் வேலைக்கு விடுவதில்லை. பூச்சு தேயத் தொடங்கினால் என் அனுபவத்தில் முதலில் வால் முளைப்பது லைசோசைமுக்குத்தான்.

பாலிஅக்ரிலமைடு கேபிலரியைக் காயவிடாமல், இரு முனையும் நீர்க் குப்பியில் முங்கியபடி 4 டிகிரியில் வையுங்கள். கழுவ நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் போதும். கேபிலரி இருக்கும் கேசட்டின்மேல் டேப் ஒட்டி நான்கு விவரம் எழுதுங்கள்: பூச்சின் பெயர், பூசிய தேதி, பூசும் முன் ஈஓஎஃப், பூசியபின் ஈஓஎஃப். பாலிஅக்ரிலமைடு என்றால் ஐந்தாவதாக, சிவப்பு மையில், “காரம் விடாதே.” இரவு ஷிஃப்டில் வருபவர் பழக்க தோஷத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு ரின்ஸோடு மெத்தடை ஓடவிட்டுப் போகும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது.